ஐந்தாம் தேதிக்கு ஐந்தாம் தேதி

ஆகஸ்ட் 10, சனி

மருந்துக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாகக் கீர்த்தனாவின் மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்தேன். மேஜை ஆடுகிறது என்று கத்துகிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு ஒரு அட்டையை மடித்து வைக்கத் தெரியாதா.

எழுதச் சொன்னது பேங்க் ஆபீசர் ஷர்மிளா பானு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டுக்கடன் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "மேடம், உங்க கிரெடிட் ஸ்கோர் அறுநூத்தி அறுபத்தெட்டு. எழுநூத்தி முப்பதாவது இருந்தாத்தான் நான் மேல அனுப்ப முடியும்" என்றாள். பரீட்சையில் தோற்ற பிள்ளையின் அம்மா மாதிரி உட்கார்ந்திருந்தேன். இல்லை, தோற்ற பிள்ளை மாதிரியேதான்.

திருச்சியில் நாங்கள் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீடு. வீட்டுக்காரர் பெங்களூரில் மகனோடு குடியேறிவிட்டார். விற்கப் போகிறார். உங்களுக்காகத் தை மாதம் வரை பொறுக்கிறேன், அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். கையில் இருப்பது எட்டு லட்சம். பேங்க் இருபத்திரண்டு கொடுத்தால் வீடு எங்களுக்கு. இல்லையென்றால் சாமான்களை ஏற்ற வண்டி பார்க்க வேண்டும்.

ஸ்கோர் விழுந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று கிரெடிட் கார்டு. எண்பதாயிரம் வரை எடுக்கலாம் என்றால் எழுபத்தாறாயிரம் எடுத்து வைத்திருக்கிறோம். இவர் வேலை பார்க்கும் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சம்பளம் தள்ளிப் போனபோது பள்ளிக்கூட பீஸும் மளிகையும் அதில்தான் ஓடின. அது நாங்கள் செய்தது. இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். அப்பாவுக்கு வாங்கிய டிவி.

கரூரில் இருக்கும் அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. அந்த வயதுக்குத் தவணை கிடையாது என்று கடையில் சொன்னதால் என் பெயரில் போட்டோம். மாதம் 1,870. பன்னிரண்டு தவணை. கல்யாணத்துக்கு முன் கரூரில் நான் திறந்த பழைய பேங்க் கணக்கில், நாலாம் தேதிக்குள் அப்பா தன் பென்ஷனிலிருந்து பணம் போட வேண்டும். ஐந்தாம் தேதி தவணைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். பிள்ளை காசில் டிவி பார்க்க மாட்டேன் என்பது அவர் பிடிவாதம். இதுவரை ஏழு தவணை. முதல் இரண்டு சரி. அடுத்த ஐந்தும் இரண்டு மூன்று நாள் தாமதம். ஒவ்வொரு தாமதமும் என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அபராதத்தை மட்டும் மறக்காமல் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

அரசு பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்த மனிதர். பஸ் ஸ்டாண்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று சிவப்பு மையில் எழுதியவர். வயசாகிறது, வேறென்ன.

ஷர்மிளா பானு சொன்னது: கார்டை முப்பது சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். எந்தத் தவணையும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. வேறு பேங்குகளில் போய் விண்ணப்பம் போட்டுப் பார்க்கக் கூடாது. தினம் செலவை எழுத வேண்டும்.

செலவு: ஆட்டோ 60, ஜெராக்ஸ் 24, இட்லி மாவு 45.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கரூர் போவதாக இருந்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலையில் பொழுது போய்விட்டது. இந்த டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு யோசனை அச்சடித்திருக்கிறது. இன்றையது: "ஞாயிறு குடும்பத்துக்கானது. பெற்றோருடன் ஒரு மணி நேரம் செலவிடுங்கள், இரத்த அழுத்தம் சீராகும்." எழுதினவர் வீட்டில் தொட்டி கழுவ ஆள் இருக்கிறது போல.

பால் 52, பினாயில் 90.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கல்யாணத்துக்கு அம்மா போட்ட வளையல் இரண்டையும் விற்று, கார்டில் அறுபதாயிரம் கட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கை வெறுமையாக இருக்கிறது. ஆபீசில் டைப் அடிக்கும்போது சத்தம் வரவில்லை என்று பக்கத்து சீட்டு ரோஸ்லின் கண்டுபிடித்துவிட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

9.40க்குச் செய்தி வந்தது. கணக்கில் போதிய இருப்பு இல்லை. பத்தே காலுக்குத் தவணைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். பிறந்த தேதி கேட்டாள். எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டாள். எங்கள் பாலிடெக்னிக் ஆபீசில், பீஸ் கட்டாதவர்கள் நாலு பேர் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் நான் கேட்க வேண்டியதை அவள் என்னிடம் கேட்டாள்.

மாடிப்படிக்கு அடியில் போய் அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு கண்ணு."

"தவணை கட்டலீங்களாப்பா?"

"இன்னைக்கு அஞ்சா?"

தவணையைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். நாளன்றைக்குக் கட்டிவிடுகிறேன் என்றார். பிறகு கீர்த்தனாவுக்குச் சளி விட்டதா என்று கேட்டார். சளி வந்தது ஜூலையில். 7.10 திருச்சி வண்டிக்குப் புது டிரைவர் வந்திருக்கிறானாம், குளித்தலையில் நாலு நிமிடம் விட்டுவிடுகிறானாம். பக்கத்து வீட்டு முருங்கை மதில்மேல் சாய்ந்துவிட்டதாம். அம்மாவின் முழங்காலுக்குப் புதுத் தைலமாம். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். ஸ்கோரைப் பற்றிச் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. கடன் என்றாலே அவருக்கு ஆகாது, வீடு வாங்கும் விஷயத்தையே இன்னும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு நிமிடம் பேசியிருக்கிறோம். சூப்பிரண்ட் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இது வெறும் சோம்பல் இல்லை. ஜூலைச் சளியை இன்னும் கேட்கிறார். தேதி தெரியவில்லை. ரோஸ்லினின் மாமியாருக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேரில் பார்த்துவிடலாம் என்று கரூர் போனேன். சொல்லாமல்தான் போனேன். டவுன் பஸ் இலவசம், கரூருக்கு 64.

அப்பா வாசல் கேட்டருகே நின்றிருந்தார். "எட்டு அம்பது வண்டியா? பத்தே முக்காலுக்கு வந்திருக்கணுமே" என்றார். மணி பத்து ஐம்பத்தெட்டு. பெட்டவாய்த்தலையில் ரயில்வே கேட் போட்டிருப்பான் என்று அவரே காரணமும் சொன்னார். அதுதான் உண்மை.

நல்லவேளையாக அம்மா மூன்று பேருக்கு உலை வைத்திருந்தாள், எனக்காகத் தனியாகச் சமைக்க வேண்டிய சிரமம் இல்லை. எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பும் அகத்திக்கீரையும் தற்செயலாக அமைந்துவிட்டன. சாப்பாடு போடும்போது என் கையையே பார்த்தாள். வளையல் எங்கே என்று கேட்கவில்லை. ரசத்தை இரண்டாவது தடவை ஊற்றினாள்.

டிவிமேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுது ஓடுது என்றார். துணியை விலக்கினால் ரிமோட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இதற்காகவா நான் தவணை கட்டாத லிஸ்டில் இருக்கிறேன் என்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது சமையலறைச் சுவரில் இருந்த மாதக் காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பின்பக்கம் திருப்பினேன். டிசம்பர் வரை போட்டு வைத்திருக்கிறார். வட்டம் போட்டு வைத்தும் மறக்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகையாக வந்தது. நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்த மாதப் பட்ஜெட்டில் காட்டுவது.

செப்டம்பர் 21, சனி

ஸ்கோர் 676. கார்டில் கட்டியது ஏற்றியிருக்கிறது, டிவி இறக்கியிருக்கிறது. ஷர்மிளா பானு போனில், "அந்தச் சின்ன லோனை மட்டும் சரி பண்ணிடுங்க மேடம்" என்றாள். சின்ன லோன்.

செலவு எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 3, வியாழன்

போனிலேயே பழைய கணக்குக்கு 1,870 அனுப்பிவிட்டேன். இவ்வளவு எளிதான வேலையை எட்டு மாதம் செய்யாமல் இருந்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால் ரோஷம் வரும். சொல்லவில்லை.

அக்டோபர் 5, சனி

ஐந்தாம் தேதி. செய்தி இல்லை, போன் இல்லை. தொல்லை விட்டது.

அக்டோபர் 9, புதன்

பதினொன்றரைக்கு அப்பாவிடமிருந்து மிஸ்டு கால். ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மறந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இவர் வண்டியைக் கழுவினார், நான் மிக்ஸியிலிருந்து மிதிவண்டி வரை பொட்டு வைத்தேன். பொரிகடலை 80, பூ 150, பூசணிக்காய் 70. அநியாய விலை.

அக்டோபர் 15, செவ்வாய்

அம்மா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு பேசுகிறவள். அப்பா ஏழாம் தேதி பணத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனாராம். தவணை ஏற்கெனவே போய்விட்டது என்று கவுண்டரில் சொன்னார்களாம். நம்பாமல் மறுநாளும் போய்க் கேட்டாராம்.

நானே கட்டிவிட்டேன், இனிமேல் அவர் அலைய வேண்டாம், நிம்மதியாக இருக்கச் சொல் என்றேன்.

"சரி கண்ணு. நிம்மதியாத்தான் இருக்காரு" என்றாள். வைத்துவிட்டாள்.

கீர்த்தனா டூர் பணம் 600.

அக்டோபர் 30, புதன்

தீபாவளிக்குப் போகவில்லை. இவருக்கு நாளைக்கும் ஷிப்ட், போனஸ் இல்லாத ஷிப்ட். போக முடியவில்லை என்று நேற்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன்.

இன்று காலை கண்டக்டர் ஒருவர் கூப்பிட்டார், மத்திய பஸ் ஸ்டாண்டில் வந்து பார்சலை வாங்கிக்கொள்ளச் சொல்லி. எனக்குப் பிரசவமானபோதும் அப்பா இப்படித்தான் பத்தியக் குழம்புப் பொடி அனுப்பினார். டிப்போவில் அவரை அறியாத கண்டக்டர் இல்லை. அட்டைப் பெட்டியில் முறுக்கு, அதிரசம், கீர்த்தனாவுக்கு ஒரு சுடிதார் துணி. மேலே ஒட்டிய தாளில் அப்பாவின் கையெழுத்து: "கரூர் புறப்பாடு 7.10. திருச்சி வருகை 9.05. பொருள்: தின்பண்டம், துணி. பெறுபவர்: இந்துமதி, மகள்." நான் வாங்கும்போது மணி 9.20. அவர் இருந்திருந்தால் சிவப்பு மை.

அடியில் ஒரு கவர். உள்ளே 1,870 ரூபாய். பத்து ரூபாய்த் தாள்கூடப் புதுசு. "அக்டோபர் தவணை" என்று மட்டும் எழுதியிருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக நாலு வரி எழுதுகிறவர். சரி, வயசாகிறது.

நவம்பர் 4, திங்கள்

நவம்பர் தவணையும் நானே அனுப்பிவிட்டேன். ஸ்கோர் 697.

முறுக்கு நன்றாக இருந்தது என்று சொல்ல அப்பாவைக் கூப்பிட வேண்டும்.

நவம்பர் 13, புதன்

நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை. அம்மாவின் முழங்காலைக் காட்டலாம் என்று சொல்லித்தான் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பொய்தான். முறுக்கைப் பற்றி அப்போதுதான் ஞாபகம் வந்து சொன்னேன். தீர்ந்து பத்து நாளாகிறது.

நவம்பர் 16, சனி

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் நல்ல மாதிரி. அப்பாவிடம் இன்று என்ன தேதி என்று கேட்டார். "நவம்பர் பதினாறு, சனிக்கிழமை, கார்த்திகை ஒண்ணு" என்றார் அப்பா. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். டாக்டர் பேனாவை எடுப்பதற்குள் அப்பா முப்பதுக்கு வந்துவிட்டார். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். முப்பத்தோரு வருடம் கடிகாரத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கியவரிடம். மணி முள் பதினொன்றைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்திருப்பது வரைக்கும் சரியாகப் போட்டார்.

"இவருக்கு மறதியே இல்லம்மா. எதை மறக்கறாருன்னு கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் டாக்டர்.

மாசாமாசம் தவணை கட்ட மறக்கிறார் என்றேன். அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் முன் நிற்கிற பிள்ளையைப்போல இருந்தது. பீஸ் 900. தான்தான் கொடுப்பேன் என்று கொடுத்தார்.

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. மறதி இல்லையென்றால் இது என்ன, வேண்டுமென்று செய்ததா? ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்காரர்கள் பார்க்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஸ்கோர், பேங்க், வீட்டுக்காரர், தை மாதம், வளையல், எல்லாம். "உங்க ஆயிரத்தி எண்ணூத்தி எழுபது ரூபாய்னால என் வீடு போகப் போகுதுங்கப்பா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அப்பா ஒரு ஆட்டோவுக்குக் கை காட்டினார். பஸ் ஸ்டாண்டு வந்ததும், டைம் கீப்பர் ஆபீசில் ஒருத்தரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். அம்மாவும் நானும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்தாள். உரித்துக்கொண்டே சொன்னாள்.

"மொதல் ரெண்டு மாசமும் மூணாம் தேதியே போய்க் கட்டிட்டுத்தான் வந்தாரு. ஏப்ரல்ல எனக்குக் காய்ச்சல், தள்ளிப் போயிருச்சு. நீ கூப்பிட்டே. முக்கா மணி நேரம் பேசுனே. அன்னைக்கு ராத்திரி ரெண்டு தோசை சேத்துச் சாப்பிட்டாரு."

அம்மா ஒரு சுளையின் நாரை உரித்தாள்.

"மே மாசம் நானே சொன்னேன், நாளைக்கு அஞ்சுங்கன்னு. பணம் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. இருக்கட்டும்னாரு. அபராதம் நானூத்தம்பதாமேன்னேன். போகட்டும், அவ கூப்பிடுவான்னாரு. உம் பேருல விழுவும்னு சத்தியமா அவருக்குத் தெரியாது கண்ணு. உன் போன் வந்தா உக்காரக்கூட மாட்டாரு. நீ எப்ப வெச்சிருவியோன்னு ஜன்னலோரம் நின்னுக்கிட்டே பேசுவாரு."

பாதிப் பழத்தை என் கையில் வைத்தாள். அதைத் தின்ன முடியவில்லை. கீழே போடவும் முடியவில்லை.

3.40 வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக அப்பா என் கையைப் பிடித்து, வளையல் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "வீடு வந்துரும் கண்ணு" என்றார். வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. அவர் சொல்லவில்லை, நான்தான் பார்த்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். பால், மாவு, ஆட்டோ எல்லாம் இருக்கிறது. அப்பாவை நானாகக் கூப்பிட்ட நாட்கள் இரண்டு. ஒன்று தவணைக்கு, ஒன்று டாக்டருக்கு. கரூர் பஸ் ஒரே ஒரு தடவை, அதுவும் மறதி சோதிக்க. மூன்று பேருக்கு உலை வைத்தது தற்செயல் என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

அப்பாவைக் கூப்பிட்டு, இந்த மாதத் தவணையை நீங்களே கட்டுங்கள் என்றேன். ஜனவரி முதல் வாரம் பேங்க் கடைசியாக ரிப்போர்ட் எடுக்கும், அதையும் சொன்னேன். கட்டினாலும் ஐந்தாம் தேதி நான் கூப்பிடுவேன் என்றும் சொன்னேன். "சரி கண்ணு" என்றார். பத்து நிமிடம்தான் பேசினார். முன்னைப்போல முருங்கை, டிரைவர் கதை எதுவும் வரவில்லை.

இவருக்குக் கோபம். "விளையாடற நேரமா இந்து இது? நீயே அனுப்பிட்டா முடிஞ்சுது. ஒரு நாள் தவறினா வீடு போச்சு" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் அனுப்பவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

செய்தி எதுவும் வரவில்லை. கணக்கைப் பார்த்தேன். இரண்டாம் தேதியே போட்டிருக்கிறார். அப்பாடா.

செமஸ்டர் பீஸ் கட்டக் கடைசி நாள். கவுண்டரில் இருநூறு பேர். சாப்பாடு நாலு மணிக்கு. எண்ணெய் 145, கீர்த்தனாவுக்கு கிராஃப் நோட்டு 40.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்றுக் கூப்பிடவில்லை.

இட்லி ஊற்றும்போது ஞாபகம் வந்தது. கரண்டியோடு அப்படியே நின்றேன். அவர் ஐந்தாம் தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே கட்டிவிட்டார். நான் ஒரு போன் போடவில்லை. நேற்று நாள் முழுக்க ஜன்னலோரம் நின்றிருப்பார். இன்று கூப்பிட்டு என்ன சொல்வது, பிஸி என்றா? நாளைக்கு நேரில் போகிறேன்.

டிசம்பர் 7, சனி

கரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், டைம் கீப்பர் கூண்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். வருகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன், எந்த வண்டி என்று சொல்லவில்லை. காலை எட்டு மணியிலிருந்தே அங்கே இருக்கிறார் என்று உள்ளே இருந்தவர் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பணம் கட்டிய சீட்டை எடுத்து நீட்டினார். அதை மடித்த மடிப்பு கிழிகிற நிலையில் இருந்தது.

வரும்போது என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். "வியாழக்கிழமை கூப்பிடாம விட்டுட்டேங்கப்பா" என்பது மட்டும்தான் வந்தது.

அப்பா பஸ் நுழைகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேட்டு வேற, கேன்சல் வேற கண்ணு" என்றார். "லேட்டா வந்தா சிவப்பு மையில எழுதிட்டுச் சீட்டுக் குடுத்து அனுப்பிருவோம். டிரிப்பே வரலைன்னாத்தான் விசாரணை. நீ வந்துட்டே, விடு."

அந்த ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். கூண்டுக்குள் இருந்தவர் மைக்கில் திண்டுக்கல் வண்டியை அறிவித்துக்கொண்டே இருந்தார். அப்பா டீ வாங்கி வந்தார். சர்க்கரை கம்மி என்று சொல்லி வாங்கியிருந்தார். எனக்குச் சர்க்கரை கம்மி என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். எப்போதோ போனில் சொல்லியிருப்பேன்.

மாலை வரை இருந்தேன். டிவியின் துணியை எடுத்தேன். மூன்று பேரும் செய்தி பார்த்தோம். அப்பா செய்தியைப் பார்க்கவில்லை, நாங்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் 128, டீ அப்பா.

ஜனவரி 6, திங்கள்

ஸ்கோர் 733. கடைசித் தவணையையும் அப்பா இரண்டாம் தேதியே கட்டிவிட்டார். ஷர்மிளா பானு கை கொடுத்தாள். கடன் கிடைக்கும். பழைய தாமதங்களுக்காக வட்டி மட்டும் கால் சதவீதம் கூடுதல். மாதம் முந்நூற்றைம்பது ரூபாய் அதிகம், இருபது வருடத்துக்கு. இவர் அதைப் பெருக்கிப் பார்க்கக் கால்குலேட்டரை எடுத்தார். வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன். அப்பாவிடமும் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பத்திரப் பதிவு முடிந்தது. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். டோக்கன் நாற்பது நிமிடம் தாமதம் என்று அப்பா அங்கிருந்த ஊழியரிடமே சொன்னார். அம்மா ஒரு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். போட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. சந்தோஷப்படக்கூட நாளைக்குத்தான் முடியும்.

பிப்ரவரி 5, புதன்

ஐந்தாம் தேதி. டிவி தவணை தீர்ந்துவிட்டது. வீட்டுக்கடன் பத்தாம் தேதிதான். இன்று யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்க் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன கண்ணு, பணம் போகலையா? போன மாசமே கடைசின்னு சொன்னாங்களே." குரல் பதறியது.

"அதெல்லாம் முடிஞ்சுதுங்கப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதாங்கப்பா."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இரு கண்ணு, வெச்சுறாதே" என்றார். "சேரை இழுத்துப் போட்டு உக்காந்துக்கறேன்."

சிமெண்டுத் தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.